ஊராட்சி மன்றம் கலையலாம், கிராம சபை கலையாது!

(வன்னியம்பட்டியில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



களையெடுப்பை முடிச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. நேரத்தை இழுக்காமல் விஷயத்துக்கு வர்றேன். வழக்கமா நம்ம கூட்டத்தில் பருத்தி விலை பேசுவோம், பயிர்க் காப்பீடு பேசுவோம், மலையடிவாரத்தில் யானையும் காட்டுப்பன்றியும் செய்யும் அழிமானத்தைப் பேசுவோம். இன்றைக்கு ஊராட்சிப் பணத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது தலைவருக்கும் கிளார்க்குக்கும் உள்ள விவகாரம், நமக்கு என்ன?" என்று நினைத்துவிட வேண்டாம். உங்க வயலுக்குப் போற வண்டிப்பாதை, கதிர் அடிக்கிற உலர்களம், வீட்டுக்கு வர்ற குடிதண்ணி எல்லாமே அந்தப் பணத்தில்தான் தொங்கிக்கிட்டு இருக்கு.

மூலதனச் செலவு என்றால் என்ன?

உங்க வீட்டுக் கணக்கையே எடுத்துக்குவோம். உரம், விதை, டீசல், களையெடுப்புக் கூலி இதெல்லாம் போகத்துக்குப் போகம் வர்ற செலவு. கிணறு வெட்டுறது, மோட்டார் வாங்குறது, பைப் லைன் பதிக்கிறது இதெல்லாம் மூலதனம். உரத்தில் ஏமாந்தால் அந்தப் போகத்தோட நட்டம் போகும். கிணற்றைத் தப்பான இடத்தில் வெட்டினால், கடனும் நிற்கும், குழியும் நிற்கும், பிள்ளை காலம் வரைக்கும் நிற்கும்.

ஊராட்சிக்கும் அதே கதைதான். தெருவிளக்குக் கரண்ட் பில், தூய்மைப் பணியாளர் சம்பளம், மோட்டார் பழுது இவை அன்றாடச் செலவு. மேல்நிலைத் தொட்டி, உலர்களம், சிறுபாலம், சிமெண்ட் ரோடு, வாறுகால் இவை மூலதனச் செலவு. இதில் எது வேணும், எங்கே வேணும் என்று முடிவு செய்வது யார்? ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். தப்பு நடந்தால், "ஏம்ப்பா, இங்கே ரோடு போட்டியே, களத்துக்கு ஏன் போடல?" என்று டீக்கடையில் வைத்தே கேட்கலாம். அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம்.

அந்த மன்றமே இல்லாத காலத்தில் பெரிய செலவை யார் முடிவு செய்வது? அதற்கு எல்லை என்ன? இதுதான் இன்றைய கேள்வி.

நடந்த கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. ஊராட்சிக்கு 5 வருஷம்தான் ஆயுள், அது முடியும் முன்னால் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கணும் என்று 243-இ பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 1994-ல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996, 2001, 2006, 2011 என்று தேர்தலும் வரிசையாக நடந்தது.

2016-ல் வரிசை அறுந்தது. அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை அறிவித்த முறை சரியில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆறு மாதம் என்றார்கள், நீட்டித்தார்கள், திரும்ப நீட்டித்தார்கள். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசே அறிவித்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் ஊருக்கு ஒரு தலைவர் கிடையாது. காலிக் குடத்தோட போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள்.

2019 டிசம்பர் 27-லும் 30-லும் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. ஆனால் எல்லா மாவட்டத்திலும் இல்லை. புதிய மாவட்டங்கள் பிரிந்ததால், வார்டு எல்லையைச் சரிசெய்யாமல் அங்கே தேர்தல் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 9 மாவட்டங்களை ஒதுக்கி வைத்தது. நம்ம பக்கத்துத் தென்காசியும் திருநெல்வேலியும் அதில் சேர்த்தி. நாலு மாதத்தில் முடிக்கச் சொன்ன வேலை அது. கொரோனாவும் குறுக்கே வர, தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். 2016 அக்டோபரிலிருந்து கணக்குப் போடுங்கள், சரியாக 5 வருஷம். ஒரு முழுப் பதவிக்காலம் தேர்ந்தெடுத்தவர் இல்லாமலே போனது. ராஜபாளையத்தைத் தாண்டினால் சேத்தூர், அதற்கு அடுத்து சிவகிரி. அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு மாவட்டம் பிரித்ததில் கிடைத்த முதல் பரிசு அதுதான்.

இப்போது சக்கரம் நம்ம பக்கம் திரும்பியிருக்கு. விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அந்த மாவட்டங்களில் 2019-ல் தேர்தல் நடந்த ஊராட்சிகள் 9,624. நம்ம மாவட்டத்தில் மட்டும் 11 ஒன்றியம், 450 ஊராட்சி. அத்தனைக்கும் மறுபடி தனி அலுவலர். இந்தத் தடவையும் முதலில் ஆறு மாதம் என்றுதான் சட்டம் கொண்டுவந்தார்கள். பிறகு நீட்டித்தார்கள். 2025 முழுசும் தேர்தல் இல்லாமலே போச்சு.

பணம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை?

15-வது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரைக்கும் ஊராட்சிகளுக்கு மானியம் கொடுக்கச் சொன்னது. நூற்றுக்கு 60 பங்கு குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போட்ட பணம். மீதி 40 பங்கை ஊரின் தேவைப்படி செலவழிக்கலாம். ஆனால் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் பணம்.

2025-ல் கட்டிப்போடாத மானியத்தில் ஒரு தவணையாக ரூ.127 கோடிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு விடுவித்தார்கள். யாருக்குத் தெரியுமா? தேர்ந்தெடுக்கப்பட்ட 2,901 ஊராட்சிகள், 74 ஒன்றியங்கள், 9 மாவட்ட ஊராட்சிகளுக்கு. அதாவது 2021-ல் தேர்தல் நடந்த அந்த 9 மாவட்டங்களுக்கு. சிவகிரி சுற்று வட்டார ஊராட்சிக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருக்கும் நம்ம ஊராட்சிகளுக்கு இல்லை. நடுவில் இருப்பது ஒரு மாவட்ட எல்லைக் கல், அவ்வளவுதான். இந்தப் பக்கம் உள்ள ஜனங்களும் அதே வரியைத்தானே கட்டுறாங்க?

அவங்களுக்குக் கொடுத்தது தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஐந்து வருஷம் காய்ந்து கிடந்தவங்க அவங்க. தேர்தலை நடத்தாதது யார் குற்றமோ, அதற்குத் தண்டனை ஜனங்களுக்கு ஏன் என்பதுதான் நம் கேள்வி. ஓட்டுப் போட மாட்டோம் என்று எந்த விவசாயியும் சொல்லவில்லையே!

ஆக, ஒரு பக்கம் வர வேண்டிய பணம் வரவில்லை. இன்னொரு பக்கம், இருக்கிற கொஞ்சப் பணத்தை எதில் போடுவது என்று முடிவு செய்ய ஊரில் ஆள் இல்லை. ரெண்டும் சேர்ந்து வந்திருக்கு.

இணைப்பு வருகிறது, சொத்து எங்கே போகும்?

மன்றங்களின் காலம் முடிகிற நேரத்தில், 2025 புத்தாண்டை ஒட்டி, இன்னொரு அறிவிப்பும் வந்தது. 16 மாநகராட்சிகளோடும் 41 நகராட்சிகளோடும் சுற்றியுள்ள ஊராட்சிகளை இணைக்கிறோம் என்றார்கள். பல ஊர்களில் ஜனங்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். ஏன்? நகராட்சி ஆனால் வீட்டு வரி ஏறும். 2005-ல் சட்டமான நூறு நாள் வேலை அங்கே கிடையாது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். அதுவும் கிராமப்புறத்துக்கு மட்டும்தான்.

நம் மாவட்டத்திலேயே 2021 அக்டோபரில் சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சி ஆனது. நம்ம வன்னியம்பட்டி எங்கே இருக்கு? ஒரு பக்கம் ராஜபாளையம் நகராட்சி, மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி. ரெண்டு ஊரும் ரோட்டோரமாவே வளர்ந்துக்கிட்டு வருது. நாளைக்கு எந்த வரைபடத்தில் யார் கோடு போடுவாங்களோ, நமக்குத் தெரியாது. அதனால்தான் இன்றைக்கே பேசணும்.

ஊராட்சிக்கு என்ன சொத்து இருக்கு என்று சிலர் கேட்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். உலர்களம், ஊருணி, மயானம், குடிதண்ணீர்க் கிணறு, தொட்டி, கட்டடம், பாதை, மர ஏல வருமானம், வங்கியில் இருக்கும் வைப்பு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனக் கண்மாய்கள் ஒன்றியத்தின் கையில் இருக்கு. இணைப்பு என்று வந்தால் ஊராட்சியின் சொத்தும் கணக்கும் நகராட்சிக்குப் போகும். நகராட்சியில் கிராம சபை கிடையாது. பகுதி சபை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நகராட்சிப் பெருங்கணக்கில், நெல்லு காயப்போடுகிறவன் குரல் எத்தனை தூரம் கேட்கும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பாகப்பிரிவினை நேரத்தில் பொதுச் சொத்தில் கை வைக்கலாமா?

நம்ம வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறதாகப் பேச்சு வந்துவிட்டால், பத்திரம் முடிகிற வரைக்கும் பொதுக் கிணற்றை எவனும் அடமானம் வைக்கக் கூடாது, பொதுத் தோப்பில் மரம் வெட்டக் கூடாது, பொதுப் பணத்தில் புதுசாகக் கட்டடம் எழுப்பக் கூடாது. மாட்டுக்குத் தீவனம் போடலாம், கரண்ட் பில் கட்டலாம், பம்புசெட்டைப் பழுது பார்க்கலாம். பெரியவங்க இதை எந்தச் சட்டப் புத்தகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. அனுபவத்தில் சொன்னது.

இதையே இங்கிலாந்தில் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே 2007-ல் போட்ட உள்ளாட்சிச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, ஒரு கவுன்சிலைக் கலைத்து வேறொன்றோடு சேர்க்கிற நேரத்தில் அரசு ஓர் உத்தரவு போடலாம். உத்தரவு வந்த பிறகு, கலையப் போகிற கவுன்சில் 1 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள நிலத்தைத் தன்னிஷ்டத்துக்கு விற்க முடியாது. 10 லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதன வேலைக்கு ஒப்பந்தம் போட முடியாது. புதிதாக வரப்போகிற கவுன்சிலோ, அதற்காகக் குறிப்பிட்ட அமைப்போ சம்மதம் கொடுக்கணும். சம்மதம் இல்லாமல் போட்ட ஒப்பந்தத்தை வைத்துப் புதிய கவுன்சிலிடம் பணம் கேட்க முடியாது. 2023 ஏப்ரல் 1-ல் கம்ப்ரியா, சாமர்செட், வடக்கு யார்க்‌ஷயர் பகுதிகளில் பழைய கவுன்சில்கள் போய்ப் புதியவை வந்தன. இப்படி மாறுகிற சமயத்துக்காகத்தான் அந்தப் பிரிவே இருக்கு.

எதற்காக இந்தக் கட்டு? "எப்படியும் நாம போகப் போறோம், இருக்கிற பணத்தை இப்பவே தீர்த்துடுவோம்" என்கிற எண்ணம் எந்த ஊர் மனுஷனுக்கும் வரும். அது வெள்ளைக்காரனுக்கும் வரும், நம்மாளுக்கும் வரும். கடைசி நேரத்தில் போட்ட ஒப்பந்தத்தின் கடனை அடுத்து வருகிறவன் சுமக்கணும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே கட்டுப்போடுவது தேர்ந்தெடுத்த கவுன்சிலுக்கே. ஓட்டு வாங்கி வந்தவனுக்கே எல்லை உண்டு என்கிறார்கள். நம்ம ஊரில் ஓட்டே வாங்காத ஒரு நிர்வாகம் வருஷக்கணக்கில் நடக்கிறது. அதற்குத் தனியாக ஓர் எல்லை வேண்டாமா?

"கையைக் கட்டினால் வேலை நின்றுபோகாதா?"

நியாயமான கேள்வி. அதிகாரிகளும் இதைத்தான் கேட்கிறார்கள். குடிதண்ணி மோட்டார் எரிந்து போனால் கிராம சபை கூடுகிற வரைக்கும் ஊர் தாகத்தோட கிடக்கணுமா? ஐப்பசி மழையில் கரை உடைந்தால் தீர்மானம் போட்டுக்கிட்டு இருக்கணுமா? கூடாது. அவசர வேலைக்குக் கட்டு வேண்டாம். செய்துவிட்டு அடுத்த சபையில் கணக்கு வைக்கட்டும்.

தனி அலுவலராக இருக்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் எல்லாரும் தவறானவங்க என்று நான் பேச வரவில்லை. ஒரு ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சியையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்? நம்ம களம் விரிசல் விட்டது அவருக்கு எப்படித் தெரியும்? எந்த ஓடையைத் தாண்டித் தாய்மார்கள் தலைச்சுமையோடு வர்றாங்க என்று அவருக்கு யார் சொல்வது? மேலேயிருந்து "மார்ச் 31-க்குள் செலவைக் காட்டு" என்று நெருக்குவாங்க. அந்த நெருக்கடியில் எஸ்டிமேட் போட லேசான வேலைதான் முன்னால் வரும். ஏற்கெனவே நல்லா இருக்கிற தெருவில் மறுபடி பேவர் பிளாக் கல் பதிப்பாங்க. வயலுக்குப் போற பாதை அப்படியே முழங்கால் சேற்றில் கிடக்கும்.

அப்ப, அந்த அதிகாரிக்கு ஊர் சொல்லணும். ஊர் என்றால் யார்? இங்கேதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

கிராம சபைக்குப் பதவிக்காலம் இல்லை

ஊராட்சி மன்றத்துக்கு 5 வருஷம். ஒன்றியக் குழுவுக்கு 5 வருஷம். கிராம சபைக்கு? கால எல்லையே கிடையாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருத்தரும் அதில் உறுப்பினர். நீங்க உறுப்பினர், உங்க வீட்டம்மா உறுப்பினர், பதினெட்டு நிறைஞ்சு பட்டியலில் பெயர் ஏறின பிள்ளை உறுப்பினர். தலைவர் போனாலும், வார்டு மெம்பர் போனாலும், நீங்க அந்தப் பதவியில் இருந்து இறங்கவே இல்லை. 2025 ஜனவரி 5-ல் மன்றங்கள் போயின. அடுத்த மூணே வாரத்தில், ஜனவரி 26-ல் கிராம சபை கூடினது. அதுதான் சாட்சி.

வருஷத்துக்கு ஆறு தடவை சபை கூடணும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை இல்லாமல் கூடினால் செல்லாது. நாம் என்ன செய்கிறோம்? நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போயிடுறோம். அந்தக் கையெழுத்துக்கு மேலே பிறகு என்ன எழுதுறாங்க என்று பார்ப்பதே இல்லை. மன்றம் இருந்த காலத்தில் அது சோம்பேறித்தனம். மன்றம் இல்லாத காலத்தில் அது வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்குச் சமம்.

நமது கோரிக்கைகள்

ஒன்று. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்தில், ரூ.5 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய மூலதன வேலை எதையும் கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் தொடங்கக் கூடாது. ஒரே வேலையை ரெண்டு மூணு துண்டாக்கி எல்லைக்குள் அடக்குவதும் கூடாது.

இரண்டு. இணைப்புப் பேச்சு இருக்கிற ஊராட்சிகளில் களம், மந்தை, ஊருணி, பொது நிலம் எதையும் வேறு துறைக்கு மாற்றுவதோ, நீண்ட குத்தகைக்கு விடுவதோ கூடாது.

மூன்று. குடிதண்ணீர், தெருவிளக்கு, சுகாதாரம், கரை உடைப்பு ஆகிய அவசர வேலைகளுக்கு இந்தக் கட்டு வேண்டாம். செலவுக் கணக்கு மட்டும் அடுத்த சபைக்கு வரணும்.

நான்கு. வேலையின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்தக்காரர் பெயர், முடிக்க வேண்டிய தேதி, ஊராட்சிக் கணக்குகளில் உள்ள இருப்பு இவற்றை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கணும்.

ஐந்து. ஓர் ஊராட்சியை இணைத்தால், சொத்துப் பட்டியலையும் வங்கி இருப்பையும் கிராம சபையில் படித்துக் காட்டிய பிறகே ஒப்படைக்கணும். அந்த இருப்பு அந்த ஊர் வேலைக்கே செலவாகணும்.

ஆறு. தேர்தல் நடக்காத காரணத்தால் நின்றுபோன மத்திய மானியத்தை மாநில அரசு கேட்டு வாங்கித் தரணும். வாங்க முடியாவிட்டால் தன் நிதியிலிருந்து ஈடுகட்டணும்.

ஏழு. உள்ளாட்சித் தேர்தல் இனி எந்தக் காலத்திலும் தேதி தவறக் கூடாது. வார்டு எல்லை பிரிக்கிற வேலையைச் சாக்காகச் சொல்லித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கிஷன் சிங் தோமர் வழக்கில் சொல்லியிருக்கிறது. எல்லையைப் பிரிக்கணும் என்றால் பதவிக்காலம் முடியும் முன்பே பிரிக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கையை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது அண்ணாச்சிமார்களே. அவரவர் ஊரில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். எந்தப் பாதை, எந்தக் களம், எந்தச் சிறுபாலம் என்று முன்னுரிமைப்படி எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருத்தர் என்றில்லாமல், ஆணும் பெண்ணுமாகப் போங்கள். பட்டியலைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மானத்தைச் சத்தமாக வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தரணும். மதிப்பீடு, ஒப்பந்தப் புள்ளி, அளவுப் புத்தகம் மூன்றின் நகலையும் கேளுங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால், போட்ட ரோட்டை நாமே அளந்து பார்க்கலாம். இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் ஊராட்சிவாரியாகத் திட்டமும் செலவும் போடுகிறார்கள். செல்போனில் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருக்காங்க, அவங்களிடம் சொல்லுங்கள். கலெக்டர் ஆபீஸில் மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் தீர்மான நகலை வைத்துப் பேசுவோம். தனி ஆளாகப் போனால் அது மனு. கிராம சபைத் தீர்மானத்தோடு போனால் அது ஊரின் முடிவு.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். தேர்தல் வந்து மன்றம் அமைந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீங்க. 2016-ல் வந்தது, 2025-ல் திரும்ப வந்தது. எல்லையை எழுத்தில் வாங்காவிட்டால் மூன்றாவது தடவையும் வரும். அன்றைக்கு வரப்போகிற தலைவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த ஏழு கோரிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுக் கேட்க வரட்டும்.

ஊராட்சிப் பணம் ஊர் ஜனங்களின் பணம்!
கிராம சபைக்குத் திரண்டு வாருங்கள்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!